வால் அறுக்கும் வாக்கிடாக்கி

வாங்கக் கிளம்பியது சிபி என்கிற சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோ. லாரிக்கு ஒன்று, பிக்கப்புக்கு ஒன்று, கூரையில் ஆளுயர ஆன்டெனா என்று மனசுக்குள் படமே ஓடிக்கொண்டிருந்தது. குச்சிக்கிழங்கு சீசனில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகப் போகும். லாரி பங்காளியுடையது, பிக்கப் என்னுடையது. செலவு பாதிப் பாதி.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள் உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு 2005லேயே சொல்லிவிட்டது. அமெரிக்க செட்டில் இருக்கும் 40 சேனலில் 27ஆவது வரைக்கும் இந்த வேலிக்குள் அடங்கும். 28ஆவது 27.285, மயிரிழையில் வெளியே. என் பிரச்சினை வேறு. அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடியின்போது எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரிக்காரர்கள் சிபியைப் பிடித்துக்கொண்டார்கள். 19ஆம் சேனல் அவர்களுடைய திண்ணை. அங்கே ஒரே செட்டை இரண்டு வண்டிக்கு மாற்றி மாற்றி மாட்டினாலும் காசு வீண் இல்லை, பேசுவதற்கு ஊரே இருக்கிறது. அரூர் ரோட்டில் 19ஐத் திருப்பினால் யார் இருக்கிறார்கள்? மறுமுனையையும் நாமே காசு கொடுத்து வாங்கி, நம்ம வண்டியிலேயே உட்கார வைக்க வேண்டும். அப்படி ஆகிவிட்டபிறகு 11 மீட்டர் அலைநீளத்தைக் கட்டி மேய்ப்பானேன்? 27 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனாவே இரண்டே முக்கால் மீட்டர் வரும். 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கியில் அது ஒரு சாண்கூட இல்லை.

அதனால் 446.0 முதல் 446.2 வரையுள்ள உரிமமில்லாத பட்டையில் இயங்கும் அரை வாட் வாக்கிடாக்கி ஜோடி ஒன்று. 2018 விதிகள் இந்தப் பட்டையைத் திறந்துவிட்டன. இணையத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க: எந்த அலைவரிசை, இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்று உண்டா என்று விற்பனைப் பக்கத்திலேயே போட வேண்டும் என 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது இல்லாத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையை வைக்காதீர்கள். பிராண்டு பெயரை நான் சொல்லப்போவதில்லை. கீழே வரும் குறை எல்லா பிராண்டுக்கும் பொது.

பேட்டரி, சேனல் எண்ணிக்கை, டார்ச் லைட் எல்லாம் அட்டையில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். அது மேடு பள்ளம் இல்லாத, மரம் இல்லாத, யாரும் குடியில்லாத நாட்டுக்கான கணக்கு. சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ரோடு வளைகிற இடத்தில், நடுவில் ஒரு பாறை முகடு வந்தாலே பேச்சு அறுந்துவிடும். இன்னொன்று, முன்னால் போகிற பிக்கப்பில் முதுகுக்குப் பின்னால் ஈரக் கிழங்கு லோடு. தண்ணீர் நிறைந்த எதுவும் இந்த அலையை விழுங்கும். செட்டை டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் பேசினால் லாரிக்குக் கரகரப்புதான் போய்ச் சேருகிறது. இடது ஜன்னல் ஓரமாக நிமிர்த்திப் பிடித்தால் தெளிவு. லாரியில் இந்தத் தொல்லை இல்லை. அவ்வளவு பெரிய முன்கண்ணாடி.

போனில் பேசிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் லாரிக்கு முன்னால் வண்டி ஓட்டியவர்கள் இல்லை. போன் அடித்து, எடுத்து, ஹலோ சொல்வதற்குள் வளைவு முடிந்துவிடும். இது பட்டனை அமுக்கினால் பேச்சு. அந்த வகையில் இது கொடுத்த காசுக்கு நியாயம் செய்துவிட்டது.

ஆனால் அதே பட்டன்தான் என் உயிரை எடுக்கிறது.

வாக்கிடாக்கி பேச்சில் தலையும் அறுபடும், வாலும் அறுபடும். தலை அறுபடுவது இயந்திரத்தின் கோளாறு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, கேட்கும் செட் ஓயாமல் விழித்திருக்காது. விட்டு விட்டுக் கண் திறந்து பார்க்கும். அது விழித்து, நம்ம ஜோடிக்கென்று வைத்திருக்கும் தொனிக் குறியை அடையாளம் கண்டு, ஸ்பீக்கரைத் திறப்பதற்குள் முதல் அசை போயே போய்விடும். நமக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. நம்ம ஆட்கள் 'அண்ணா' என்று கூப்பிடாமல் எதையும் ஆரம்பிப்பதில்லை. போனால் அந்த 'அ'தானே போகும்.

வால் அறுபடுவது கட்டைவிரலின் கோளாறு. சொல்லி முடிக்கிற நேரத்திலேயே விரல் பட்டனை விட்டுவிடுகிறது. இங்கிலீஷ்காரனுக்கு இது பொறுக்கக்கூடியது. அவனுடைய கேள்வியும் 'வேண்டாம்' என்பதும் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடுகின்றன. நாம் எல்லாவற்றையும் வாலில் வைத்திருக்கிறோம். 'வருதா' என்பதற்கும் 'வருது' என்பதற்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். 'போகலாம்', 'போகலாமா', 'போகாத' மூன்றையும் கட்டைவிரல் ஒரே வெட்டில் ஒன்றாக்கிவிடும்.

சேலத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது நடந்தது இது. கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. பிக்கப் அதைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது, லாரி பின்னால் மாட்டிக்கொண்டது. லாரி கிளீனர் கேட்டது: 'எதிர்ல வண்டி வருதா?' பிக்கப்பில் என் பக்கத்தில் இருந்த பையன் காதில் விழுந்தது: 'எதிர்ல வண்டி வரு'. ஏதோ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு அவன் சொன்ன பதில்: 'சரிங்கண்ணா'. அந்தச் 'சரி'யை நம்பி லாரி வலது பக்கம் ஏறியிருந்தால் எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு நேரே நின்றிருக்கும். லாரி டிரைவர் பழைய ஆள். ரேடியோ சொன்னாலும் தன் கண்ணில் படுகிறவரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பமாட்டார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

(இரண்டு வண்டியிலும் டிரைவர் ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியையே அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது, போன் மட்டும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் இந்த செட்டைப் பூட்டி வையுங்கள்.)

பேச்சு அறுபடும் இந்தத் தொல்லை வண்டி ரேடியோவின் ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. 'சரி, கேட்டது' என்பதற்குச் சிபிக்காரர்கள் 'டென்-ஃபோர்' என்கிறார்களே, அது அமெரிக்கப் போலீஸிடமிருந்து வாங்கியது. 1937 வாக்கில் இல்லினாய் மாநிலப் போலீஸின் சார்லஸ் ஹாப்பர் இந்த எண் குறிகளுக்கு வடிவம் கொடுத்தார். அந்தக் காலத்து வண்டி ரேடியோவில் பட்டனை அமுக்கியதும் உள்ளே ஒரு மோட்டார் சுழன்று வேகம் பிடித்த பிறகுதான் முழு வலு வரும். அதற்குள் முதல் அசை தொலைந்துவிடும். தொலைந்தாலும் பரவாயில்லை என்று முன்னால் ஒரு 'டென்'னைப் பலி கொடுத்தார்கள். குறி என்னவோ பின்னால் வரும் எண்ணில் பத்திரமாக இருந்தது.

அவர்கள் பலியாட்டைத் தலைப்பக்கம் கட்டினார்கள். நாங்கள் வால்பக்கம் கட்டினோம். யோசனை என்னுடையது இல்லை, லாரி கிளீனருடையது. எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு 'ண்ணா' போடுவது. 'வண்டி வருதாண்ணா', 'போகலாம்ண்ணா', 'போகாதண்ணா'. விரல் அவசரப்பட்டால் ண்ணாதான் அறுபடும், கேள்வி தப்பித்துவிடும். கூடவே 'சரி' என்கிற பதிலையும் ஒழித்தோம். 'ஏறலாம்' அல்லது 'நில்லு', வேறு பதில் கிடையாது. மரியாதைக்குப் போடுகிற ண்ணாவை பம்பராக மாட்டிய ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். பங்காளி வயதில் மூத்தவர், என்னை ண்ணா போட்டுக் கூப்பிட நேர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்த இடத்தில்தான், வாங்கியவுடனே அணைத்து வைத்த ஒரு சங்கதியைத் திரும்பத் தேடிப் போனேன். பட்டனை விட்டதும் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், ரோஜர் பீப் என்பார்கள். முதல் நாளே காது வலித்து மெனுவில் மூடியிருந்தேன். இப்போது அது இல்லாமல் முடியவில்லை. பேச்சு பாதியில் நின்று பீப் வந்தால் விரல் விட்டுவிட்டது என்று அர்த்தம், திரும்பச் சொல்லச் சொல்லலாம். பீப்பே வராமல் நின்றால் மலை மறைத்துவிட்டது, வளைவு தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டும் காதுக்கு ஒரே மௌனம். அதைப் பிரித்துச் சொல்வது அந்த எரிச்சலூட்டும் சத்தம் ஒன்றுதான். மெனுவில் ஆறாவது பக்கத்தில், ஒரு விளக்கமும் இல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அதே மெனுவில் பேட்டரி சேமிப்பை அணைத்துவிடுங்கள், தலை அறுபடுவது பெருமளவு குறையும். சார்ஜ் சீக்கிரம் இறங்கும், இறங்கட்டும், வண்டியில் பேட்டரிக்கா பஞ்சம்? ஆனால் லாரி 24 வோல்ட், பிக்கப் 12. சார்ஜர் பிளக்கில் '12-24' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியில் ஜோடி செட்டுக்கு ஒரே ஒரு சார்ஜிங் தொட்டில் வைத்திருப்பவர்களை என்ன சொல்ல? ஜோடி என்றால் ஒரே மேசையில் தூங்கும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டி ஒன்று பொம்மிடி பக்கம் நிற்கும், ஒன்று வாணியாறு பக்கம். யூஎஸ்பி துளை செட்டிலேயே இருக்கிற மாடல் கொஞ்சம் விலை கூட. அடுத்த சீசனுக்கு அதைத்தான் பார்த்து வைத்திருக்கிறோம், பங்காளி தன் பாதியைக் கொடுத்தால்.