ஒளிக்காடும் பிள்ளையின் கையும்

கண்ணால் காண்க, கையால் தொடாதே என்பது காட்சிக்கூடங்களின் பழைய கட்டளை. இன்றோ, காண்போர் நடந்தும் தொட்டும் வினைபுரிந்தால்தான் நிறைவெய்தும் கலையொன்று வளர்ந்து நிற்கின்றது. மெய்யான கட்டடத்துக்குள் கணினியால் ஆக்கிய மாய உலகைப் பொருத்திக் காட்டும் இதனைப் பங்கேற்புக் கலை எனலாம். இத்தகைய கூடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அதன் பயனை எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

சான்றுக்குச் சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டக் கூடத்தில் 2016 டிசம்பரில் திறக்கப்பெற்ற ‘காட்டின் கதை’ என்னும் படைப்பை எடுத்துக்கொள்வோம். தோக்கியோ நகரில் 2001இல் தொடங்கிய ‘டீம்லேப்’ குழுவினர் அதனை ஆக்கினர். மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த வில்லியம் பார்க்குவார், இந்நிலத்தின் விலங்குகளையும் செடிகொடிகளையும் சீன ஓவியரைக் கொண்டு வரைவித்தார். அவ்வோவியரின் பெயரை வரலாறு நமக்கு விட்டுவைக்கவில்லை. அவர்கள் வரைந்த 477 ஓவியங்களுள் 69, இப்படைப்பில் உயிர்பெற்று உலவின.

இருண்ட சரிவுப் பாதையில் நாம் இறங்க இறங்க, சுவரெங்கும் ஒளிக்காடு விரிந்தது. அங்கே தாப்பிர் நடந்தது, சருகுமான் ஓடியது. குவிமாடத்தின் உச்சியிலிருந்து மலர்கள் உதிர்ந்தன. இக்காட்சி முன்னரே பிடித்துவைத்த படமன்று. கணினி கணந்தோறும் புதிதாய்த் தீட்டியது.

புதுமையும் பெருமையும் மருட்கைக்கு நிலைக்களன் என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. அவ்விரண்டும் இக்கூடத்தில் நிறைந்திருந்தன. பெயரற்ற ஓவியரின் உழைப்பைப் பேழைக்குள் பூட்டி வைக்காமல் பிள்ளைகளின் கண்முன் கொணர்ந்தமைக்காக இதனைப் பாராட்டுதல் தகும்.

ஆயினும் மருட்கைக்குப்பின் மனத்தில் எஞ்சுவது யாது? கைத்தொலைபேசியிலுள்ள செயலியின் வழியே சுவரை நோக்கி ஒரு விலங்கைப் பிடித்தால், அதன் செய்தி திரையில் தோன்றும். பிடித்தது தொகுப்பில் சேரும். பிள்ளை அடுத்த விலங்கைத் துரத்தும். அந்த ஓவியனோ ஒரு சிறகின் நிறத்தை அறியவும் நெடுநேரம் உற்று நோக்கியிருத்தல் வேண்டும். நில்லாது நகரும் உருவம் பிள்ளைக்கு அந்த நேரத்தைத் தரவில்லை. ஓவியத்தின் உயிர்நாடியான உற்றுநோக்கல், ஓவியம் அசையத் தொடங்கியதும் அற்றுப்போயிற்று. விரல்நுனியால் தொடுவதையே பங்கேற்பு என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா?

அதே 2016இல், அதே குழுவினர், மரினா பேயிலுள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்தில் ‘வரைபட மீன்காட்சியகம்’ என்றொரு படைப்பை அமைத்தனர். பிள்ளை தாளில் ஒரு மீனுக்கு வண்ணம் தீட்டும். கருவி அதனைப் படியெடுக்கும். சிறிது நேரத்தில் அம்மீன் பெருஞ்சுவரில் பிறர் மீன்களோடு நீந்தும். தொட்டால் விலகி ஓடும். இரைப்பையைத் தொட்டால் இரை கிடைக்கும். வரலாற்றுப் பெருமையோ ஓவிய நுட்பமோ இதற்கில்லை. மீனின் புறக்கோடு அச்சிட்டுத் தரப்படுவதும் ஒரு குறையே. எனினும் இதனையே நான் உயர்ந்ததாகக் கருதுகின்றேன். பிள்ளை முதலில் கையால் உழைக்கின்றது, பின்னரே வியக்கின்றது. நூறு மீன்களுக்கிடையே தன் மீனைத் தேடும் கண், ஒவ்வொரு மீனையும் நின்று பார்க்கும் அன்றோ?

கருவியின் அருமையும் சுவரின் அகலமும் இக்கலைக்கு அளவுகோல் ஆகா. காண்போன் எவ்வளவு கூர்ந்து நோக்கினான், அவன் கை எதனை ஆக்கியது என்பனவே அளவுகோல். ஆசிரியப் பெருமக்கள் ஒன்று செய்யலாம். இத்தகைய கூடத்துக்குச் செல்லுமுன், ஒரு விலங்கின் ஓவியத்தை வகுப்பில் வைத்து, மாணவர் அதனைப் பார்த்து வரையச் செய்யுங்கள். காதின் வடிவையும் காலின் வளைவையும் தன் கையால் வரைந்தறிந்த பிள்ளை, ஒளிக்காட்டில் அவ்விலங்கைக் கண்டதும் பிடிக்க ஓடாது, நின்று பார்க்கும்.