கலத்தலும் பிரிதலும்: கதேயின் நாவலில் இரு திரவங்கள்

ஜெர்மானியப் பேரறிஞர் கதே 1809இல் வெளியிட்ட ‘தேர்ந்த உறவுகள்’ என்னும் நாவல் தன் பெயரை இரசாயனவியலிலிருந்து பெற்றது. ஒரு பொருள் தான் இணைந்திருந்த துணையைக் கைவிட்டு வேறொன்றைத் தெரிந்து அதனோடு சேர்வதைக் குறிக்க, சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்க்மன் 1775இல் எழுதிய ஆய்வின் தலைப்பிற் கையாண்ட தொடர் அது. எட்வார்ட், சார்லோட்டே என்னும் நிலப்பிரபுத் தம்பதியரின் மாளிகைக்கு எட்வார்டின் நண்பனான கப்டனும், சார்லோட்டேயின் ஆதரவில் வளர்ந்த ஒட்டிலியே என்னும் இளம் பெண்ணும் வந்து சேர்கின்றனர். கணவன் மனம் ஒட்டிலியேயிடமும், மனைவி மனம் கப்டனிடமும் செல்கின்றன. அகரமும் ஆகாரமும் இணைந்திருக்க, இகரமும் ஈகாரமும் எதிர்ப்பட, இணைகள் மாறிக்கொள்கின்றன என்ற சூத்திரம் நாவலிலேயே இடம்பெறுகிறது. திறனாய்வாளர் பலர் இச்சூத்திரத்தையே நாவலின் திறவுகோலாகக் கொண்டனர். மனிதர் இயற்கை நியதியின் கைப்பாவைகள் என்று கதே கூறுவதாக முடிவுகட்டுவதற்கும் அதுவே வழிகோலியது.

இம்முடிவு நூலின் ஒரு பகுதியை மட்டும் வாசித்ததன் விளைவு எனலாம். முதற் பாகத்தின் நான்காம் அதிகாரத்தில் நிகழும் அவ்வுரையாடல் சூத்திரத்துடன் தொடங்கவில்லை. அது திரவங்களுடன் தொடங்குகிறது. நீர், எண்ணெய், இரசம் ஆகியன ஒவ்வொன்றும் தன்னோடு தான் ஒட்டி நிற்பது முதலிற் பேசப்படுகிறது. பின்னர் இருவகைச் சந்திப்புகள் காட்டப்படுகின்றன. திராட்சைமதுவும் நீரும் பழைய நண்பரைப் போல உடனே கலக்கின்றன. எண்ணெயும் நீரும் எவ்வளவு குலுக்கினும் மறுகணமே பிரிகின்றன. இதற்குப் பின்னரே சுண்ணாம்புக்கல்லும் அமிலமும், இறுதியிற் சூத்திரமும் வருகின்றன. சேர்வையாதல் வேறு, கலத்தல் வேறு. சேர்வையில் பழைய பொருள்கள் அழிந்து புதியதொன்று தோன்றுகிறது. கலவையிலோ இரண்டும் தத்தம் இயல்போடு இருந்தவாறே ஒன்றாகவோ இரண்டாகவோ நிற்கின்றன. நாவலில் வரும் நால்வரின் நிலை எதனை ஒத்தது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

கலத்தலும் பிரிதலும் பொருளின் பிறவிக் குணம் என்று கதேயின் பாத்திரங்கள் கருதுகின்றனர். பிற்காலப் பௌதிக இரசாயனம் இதனைத் திருத்தியது. பீனோலும் நீரும் இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 66 பாகை செல்சியசுக்கு மேல் அவை எந்த விகிதத்திலும் கலந்து ஒரே திரவமாகின்றன. வெப்பநிலை குறைய, தெளிந்த கரைசல் கலங்கி ஈரடுக்காகப் பிரிகிறது. முவெதைல் அமீனும் நீரும் இதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ 18.5 பாகைக்குக் கீழே கலந்து, சூடேற்றினாற் பிரிகின்றன. வெம்மை இணைக்கும், குளிர் பிரிக்கும் என்னும் கவிஞரின் வாடிக்கைக் கற்பனை இங்கே செல்லாக் காசு. நிக்கொட்டீனும் நீருமோ தாழ்ந்த வெப்பநிலையிலும் மிக உயர்ந்த வெப்பநிலையிலும் கலந்து, இடைப்பட்ட நிலையிற் பிரிந்து நிற்கின்றன. ஆகவே ‘இவ்விரண்டும் கலக்குமா?’ என்ற வினாவுக்கு நிபந்தனை கூறாது விடையில்லை.

இன்னொன்றும் உண்டு. பிரிந்த அடுக்குகள் தூயன அல்ல. 20 பாகையில் நீரடுக்கில் ஏறத்தாழ 8 வீதம் பீனோல் இருக்கும். பீனோல் அடுக்கில் அதன் அளவு ஏறத்தாழ 72 வீதம், எஞ்சியது நீர். ஒவ்வொன்றும் மற்றையதைத் தன்னுள் வைத்துக்கொண்டே பிரிந்திருக்கிறது. மேலும், 1876 முதல் 1878 வரை வெளியான வில்லர்ட் கிப்சின் ஆய்வு தந்த அவத்தை விதிப்படி, வெப்பநிலையும் அமுக்கமும் மாறாதவிடத்து, இரு அடுக்குகளும் உடனிருக்கும் வரை, மேலும் பீனோலையோ நீரையோ சேர்த்தால் அடுக்குகளின் பருமனே மாறும். அவற்றின் அமைப்பு மாறாது.

இவ்வறிவோடு நாவலுக்கு மீள்வது பயனுடையது. கணவனும் மனைவியும் ஒருங்கிருந்த ஓரிரவில், அவன் ஒட்டிலியேயையும் அவள் கப்டனையும் மனத்தில் வரித்திருக்கின்றனர். பிறக்கும் குழந்தை கப்டனின் முகச்சாயலோடும் ஒட்டிலியேயின் கண்களோடும் காணப்படுகிறது. இதனை நம்பத்தகாத புனைவு என ஒதுக்குவோருளர். இணைமாற்றச் சூத்திரம் இதற்கு விளக்கம் தராது என்பது உண்மையே. ஆயின் ஈரடுக்குத் திரவத்தின் நிலை இதுவே அல்லவா? ஒரே கலத்தில், தொட்டுக்கொண்டு, பிரிந்து, ஆயினும் தூய்மையற்று நிற்கும் நிலை. தான் கருவுற்ற செய்தி கணவனை மீட்டுத் தரும் எனச் சார்லோட்டே நம்புகிறாள். அவனோ அதை அறிந்ததும் போர்க்களம் செல்கிறான். சேர்க்கப்பட்டது எதுவும் அடுக்குகளின் அமைப்பை மாற்றவில்லை.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்திற் குறுந்தொகையின் 40ஆம் பாடல் நினைவுக்கு வருதல் இயல்பு. செம்மண்ணிற் பெய்த மழைநீரை நெஞ்சங்களின் கலப்புக்கு உவமையாக்கியதால் அப்புலவருக்குப் பெயரே அதுவாயிற்று. மண் கலந்த நீரை அசையாது வைத்தால் மண் அடியிற் படியும் என்று இரசாயன மாணவர் குறுக்கிடலாம். குறுக்கீடு வீணன்று. தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவிக்கு அவன் கூறியது என்றே அப்பாடலின் துறைக்குறிப்பும் கூறுகிறது. பிரிவச்சம் இல்லாதவிடத்துக் கலப்பைப் பற்றிய பேச்சு எழுவதில்லை.

எண்ணெயையும் நீரையும் காரத்தால் இணைக்கலாம் என்கிறான் கப்டன். அவன் சொல்லாது விட்டது, காரம் பட்ட எண்ணெய் சவர்க்காரமாக மாறிவிடும். எண்ணெயாக எஞ்சாது என்பதாகும். நாவலில் காரத்தின் பணியை ஏற்பவன் மிற்லர். அப்பெயரின் பொருளே இடைநிற்பவன். குடும்பப் பிணக்குகளைத் தீர்ப்பதே தன் தொழிலெனத் திரியும் இம்மனிதன் வாய்திறக்கும் இடமெல்லாம் கேடு விளைகிறது. குழந்தையின் ஞானஸ்நானத்தில் அவன் பேச்சை நீட்ட, முதிய குருவானவர் நின்றவாறே உயிர் துறக்கிறார். பிறன்மனை விழைதலைத் தடுக்கும் கட்டளையைப் பற்றி அவன் முழங்குகையில் ஒட்டிலியே உள்ளே வருகிறாள். அன்றே அவள் முடிவு நேர்கிறது. நூலில் கதேயின் நகைச்சுவை மிகக் கடுமையாக வெளிப்படுவது இப்பாத்திரத்திலேயே.

நியதிவாத வாசிப்பைக் கதேயே ஐயுறுகிறார் என்பதற்குச் சான்று சார்லோட்டேயின் மறுமொழி. பொருள்கள் தாமாகத் தெரிவதில்லை, அவற்றை ஒரு கலத்திற் கொண்டுவந்து சேர்க்கும் இரசாயனவியலாளன் கையிலேயே தெரிவு உள்ளது என அவள் வாதிடுகிறாள். தான் கூறுவது பத்தாண்டுகளுக்கு முன் படித்தது என்று கப்டனும் ஒப்புக்கொள்கிறான். சேர்க்கையை நாட்டம் மட்டுமன்றிப் பொருள்களின் அளவும் சூழலும் தீர்மானிக்கும் எனப் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தோலே 1803இலேயே நூலெழுதியிருந்தார். கப்டனின் இரசாயனம் அப்போதே பழசாகத் தொடங்கியிருந்தது.

அவ்வாறாயின் இங்கே கலத்தைக் கையில் வைத்திருப்பவர் யார்? நிலமும் மாளிகையும் ஓய்வும் உடையோரே. கப்டனை அழைப்பவன் எட்வார்ட். ஒட்டிலியேயை அழைப்பவள் சார்லோட்டே. பெற்றோரை இழந்த ஒட்டிலியேக்குத் தங்கவும் வெளியேறவும் பிறர் தயவே வேண்டியிருந்தது. நாவலின் குறையும் இங்கேயே உள்ளது. நிபந்தனைகளை இவ்வளவு நுட்பமாக அமைத்த ஆசிரியர், அவற்றை மாற்றினால் என்ன நேரும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. மூன்று குளங்களை ஒன்றாக்கி அமைத்த ஏரியில், ஒட்டிலியேயின் கைதவறிக் குழந்தை மூழ்கி இறக்கிறது. மணவிலக்குக்குச் சார்லோட்டே இசைந்த பின்னரும் ஒட்டிலியே உணவையும் பேச்சையும் துறந்து மடிகிறாள். அவளைப் புனிதவதியாக்கி ஆசிரியர் விடைபெறுகிறார். வழி திறந்த வேளையில் அவள் ஏன் மௌனத்தை ஏற்றாள் என்பதற்கு நூல் தரும் விடை சமயஞ் சார்ந்தது. அதற்கு முன்னைய முப்பது அதிகாரங்கள் வேறு விடையையே ஆயத்தஞ் செய்திருந்தன.

எட்வார்டும் இறந்தபின் அவனை ஒட்டிலியேயின் அருகில் அடக்கஞ் செய்விப்பவள் சார்லோட்டே. அக்கல்லறையில் இனி வேறெவரையும் வைக்கலாகாது என்று கட்டளையிடுபவளும் அவளே.