நிலமும் ஒளிப்பதிவும்: "டெர்சு உசாலா" பற்றிய ஒரு நோக்கு

காட்டிலே உயிர்பிழைக்கப் போராடும் மாந்தரைப் பற்றிய திரைப்படங்களைப் பாராட்டுவோர், "இயற்கைக் காட்சிகள் கண்ணைக் கவர்கின்றன" என்று கூறி அமைவர். அப்பாராட்டுப் போதியதன்று. மலையும் ஆறும் நாட்காட்டிப் படங்களிலும் உள. கதையின் போக்கையும் மாந்தரின் இயல்பையும் நிலம் நிருணயிக்கின்றதா என்பதே திறனாய்வாளன் எழுப்பவேண்டிய வினா. அவ்வினாவிற்குத் தக்க விடையாக அமைவது, யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா சோவியத்து நாட்டிலே தயாரித்து, 1975 இல் வெளிவந்த "டெர்சு உசாலா" என்னும் படமாகும்.

இரசிய நில அளவையாளரான விளாடிமிர் அர்செனியேவ், தூரகிழக்கிலுள்ள உசூரிப் பிரதேசத்திற் செய்த பயணங்களைப் பற்றி எழுதியவையே இதன் மூலம். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த முதிய வேடனே டெர்சு. தீயும் நீரும் காற்றும் அவனுக்கு மனிதரே.

குரோசாவா இப்படத்தை 70 மில்லிமீற்றர் அகலப் படச்சுருளிற் பதிவுசெய்வித்தார். முகத்தை நெருங்கிக் காட்டும் காட்சிகள் இதில் மிக அருகியே வருகின்றன. மாந்தர் சிறு உருவினராய்த் தொலைவில் நிற்க, காடே திரையை நிரப்புகின்றது. இத்தொலைவு மாந்தரின் உள்ளத்தை நமக்கு மறைத்துவிடுகின்றது என்று ஒருவர் குறைகூறலாம். ஆயின், ஹங்கா ஏரிக் காட்சியை ஊன்றி நோக்குவார்க்கு அக்குறை தோன்றாது.

உறைந்த ஏரிப் பரப்பிலே இருவரும் வழிதவறுகின்றனர். காற்று அவர்தம் அடிச்சுவடுகளை அழித்துவிடுகின்றது. பொழுது சாய்கின்றது. "புல்லை வெட்டு" என டெர்சு ஏவுகின்றான். காரணங் கேட்க நேரமில்லை. தாழ்ந்துவரும் கதிரவனே இங்குக் கடிகாரம். ஒளி குன்றுந்தோறும் நம் அச்சம் மிகுகின்றது. அர்செனியேவ் சோர்ந்து வீழ்கின்றார். நில அளவைக் கருவியின் முக்காலியைத் தாங்கலாக நிறுத்தி, வெட்டிய புல்லால் டெர்சு குடிசையொன்று அமைத்து அவரைக் காக்கின்றான். நிலத்தை அளக்கவந்த கருவி, நிலத்தை அறிந்தவன் கையில் உயிர்காக்கும் கருவியாகின்றது. இக்கருத்தை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை, ஒளிப்பதிவே உணர்த்துகின்றது. கொல்லவந்த வெளியிலேதான் காக்கும் புல்லும் முளைத்திருந்தது. இயற்கை பகையுமன்று, உறவுமன்று. அறிந்தார்க்கு இடந்தருவது, அவ்வளவே.

பிற்பகுதியிலே, கண்பார்வை மங்கிய டெர்சு கபரோவ்ஸ்க் நகரத்து வீட்டில் வந்து தங்குகின்றான். பரந்த திரை அப்படியே இருக்க, அதனுள் சுவர்கள் எழுகின்றன. விறகுக்கும் நீருக்கும் விலைகொடுக்கும் வாழ்வு அவனுக்கு விளங்கவில்லை. அடுப்பின்முன் ஒடுங்கியிருக்கும் அவனைக் காணுகையில், பனிவெளியிற் பிழைத்தவன் அறைக்குள்ளே பிழைக்கமாட்டான் என்பது நமக்குத் தெளிவாகின்றது.

குறையுமுண்டு. காட்சி உணர்த்தியதையே அர்செனியேவின் பின்னணிக் குரல் சிலவிடங்களில் மீளவுங் கூறுகின்றது. இத்துணை ஆற்றல் வாய்ந்த ஒளிப்பதிவிற்கு அவ்வுரை மிகையே.

படம் தொடங்குவது 1910 இல். நண்பனின் புதைகுழியைத் தேடி அர்செனியேவ் வருகின்றார். அடையாளமாய் நின்ற மரங்கள் வெட்டப்பட்டு, அங்கே ஊர் எழுந்துவிட்டது, புதைகுழியைக் காணோம். முதலிற் காணும்போது அது வெறுஞ் செய்தி. கதை முழுவதையுங் கண்டபின்னரோ, மனிதனொருவனுடன் அவனை அறிந்த நிலமும் மறைந்ததென்பதை உணர்கின்றோம். அவ்வுணர்வை நம்முள் விளைவித்தமையே இப்படத்து ஒளிப்பதிவின் வெற்றி. காட்சிகளின் அழகு அதற்கு அடுத்ததே.