கலைஞரும் மூலப்பொருளும்: கேத்தே கொல்விட்ஸின் அச்சோவியங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கலைஞருக்கும் அவர் கையாளும் மூலப்பொருளுக்குமிடையிலான உறவு பற்றி இருவேறு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. கல்லும் மரமும் வர்ணமும் கலைஞரோடு அந்தரங்கமாகப் பேசுகின்றன, அவ்வுறவு விளக்கத்துக்கு அப்பாற்பட்டது என்பர் ஒருசாரார். மூலப்பொருள் வெறும் கருவியே, உள்ளடக்கமே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்பர் மறுசாரார். முன்னையது கருத்துமுதல்வாதம் என எளிதில் இனங்காணப்படும். பின்னையது மார்க்சியத்தின் பெயரால் கூறப்படுவதால், அதனைப் பரிசீலிக்கும் பொறுப்பு நம்மையே சார்ந்தது.

இவ்வகையில் ஜேர்மனிய ஓவியர் கேத்தே கொல்விட்ஸின் (1867–1945) கலைவாழ்வு சிறப்பாக நோக்கத்தக்கது. சிலேசிய நெசவாளரின் 1844ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பற்றிய ஹவுப்ற்மனின் நாடகத்தை 1893இல் கண்ட அவர், அதனால் உந்தப்பெற்று ஆறு அச்சோவியங்களை ஆக்கினார். ஆறனையும் செப்புத்தகட்டிலே பொறிக்க விரும்பியபோதும், தேர்ச்சி போதாமையால் முதல் மூன்றையும் கல்லச்சிலேயே ஆக்க நேர்ந்தது. பின்னர், விவசாயிகள் போர் பற்றிய தொடரில் (1902–1908) செப்புத்தகடு அவர் கைக்கு முற்றிலும் வசமாயிற்று.

எனினும், 1919 ஜனவரி 15ஆந் திகதி கார்ல் லீப்க்னெக்ற் படுகொலை செய்யப்பட்டபோது அத்தேர்ச்சி உதவவில்லை. குடும்பத்தினரின் வேண்டுகோளின்படி பிணவறையிலே இறந்தவரின் முகத்தை வரைந்த கொல்விட்ஸ், நினைவோவியத்தை முதலிற் செப்புத்தகட்டிலும் பின்னர் கல்லிலும் முயன்றார். இரண்டும் நிறைவு தரவில்லை. 1920இல் ஏர்ன்ஸ்ற் பார்லாக்கின் மரச்செதுக்கோவியங்களைக் கண்டபின், மரத்தில் அதனைச் செதுக்கி முடித்தார்.

உள்ளடக்கம் மூன்று முயற்சிகளிலும் ஒன்றே. ஆகவே உள்ளடக்கத்தை மாத்திரம் கொண்டு இம்மாற்றத்தை விளக்கவியலாது. அதேவேளை, மரமும் மரச்செதுக்கும் அவருக்கு முன்னரே நெடுங்காலமாக இருந்தனவே. ஐம்பது வயது கடந்த பின்னரே அவர் மரத்தை நாடினார் என்பதற்கு மரத்தின் இயல்பு மாத்திரம் விடையாகாது.

செப்புத்தகட்டில் ஊசி கீறிய இடத்தை அமிலம் அரிக்கிறது. நுண்கோடுகளும் மெல்லிய சாயல் வேறுபாடுகளும் அங்கு கைகூடும். மரத்திலோ வேண்டாததை வெட்டி அகற்ற, எஞ்சி நிற்பதே மையை ஏற்கும். கறுப்பு அல்லது வெள்ளை. வெட்டியதை மீளச் சேர்த்தல் அரிது. 1914 ஒக்ரோபரில் பதினெட்டு வயது மகன் பீற்றரைப் போர்முனையிலே பறிகொடுத்த தாய் அவர். போரும் தோற்கடிக்கப்பட்ட புரட்சியும் அவரைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில், விவரணைக்கு அன்றிச் சுருக்கத்துக்கே தேவை இருந்தது. அத்தேவையை மரம் ஏற்றது. ஏற்றதோடு அவர் கையையும் மாற்றியது. 1921–22இல் செதுக்கிய ‘போர்’ என்னும் ஏழு ஓவியங்களில் அலங்காரமாக எஞ்சிய கோடு ஒன்றேனும் இல்லை.

ஆயினும் அவர் மரத்தை வழிபடவில்லை. போரெதிர்ப்புச் சுவரொட்டிக்காக 1924இல் மீண்டும் கல்லச்சை நாடினார். மரணம் பற்றிய இறுதித் தொடரும் (1934–37) கல்லச்சே. மறுபுறம், ‘போர்’ தொடரில் சிசுவை ஏந்திய தாயின் ஓவியத்தை லூ சுன் 1931இல் சீனாவிலே வெளியிட்டார். 1936இல் கொல்விட்ஸின் தொகுப்பொன்றையும் பதிப்பித்தார். விலைகுறைந்த மரமும் கத்தியும் அங்குள்ள இளங்கலைஞரின் கைகளில் வேறொரு போராட்டத்தின் ஆயுதமாயின.

உழைப்பின்போது மனிதன் இயற்கையை மாற்றுவதோடு தன் இயல்பையும் மாற்றிக்கொள்கிறான் என்பது மார்க்ஸின் அடிப்படைக் கருத்துக்களில் ஒன்று. கலைஞரின் உழைப்பு இதற்கு விலக்கன்று. ஆயினும் நம்மிற் பலர் ஓவியம் எதைச் சொல்கிறது என்று கேட்டு நிறைவடைந்துவிட்டோம். எதில், எவ்வாறு, ஏன் அதில் என்று கேட்கத் தவறினோம். அவ்வினாக்களைக் கருத்துமுதல்வாதிகளிடம் ஒப்படைத்தது நமது குறைபாடே. கொல்விட்ஸின் தனிப்பட்ட துயரும் காலத்தின் தேவையும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அந்த மரப்பலகையே. அதனை விலக்கிவிட்டு அவரது அரசியலை மாத்திரம் போற்றுதல் அவரைப் பாதியாகப் புரிந்துகொள்வதாகும்.