செவிலியின் கணக்கு

செவிலித்தாய்க்குத் தமிழ் ஒரு குறையும் வைக்கவில்லை என்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். அகப்பாடல்களில் அவளுக்கென்று தனியாகக் கூற்று உண்டு. பெண் காதலனோடு போய்விட்டால் பெற்ற தாய் வீட்டில் இருந்து புலம்புகிறாள். பாலை வழியில் இறங்கித் தேடிப் போகிறவள் செவிலி. கலித்தொகைப் பாட்டு ஒன்றில், எதிரே வரும் முக்கோல் அந்தணர்களை நிறுத்தி விசாரிக்கிறாள். சந்தனம் பிறந்த மலைக்கா பயன்படுகிறது, முத்து பிறந்த கடலுக்கா என்று அவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அழகான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் உம்முடைய மகள் என்றே அவளிடம் பேசுகிறார்கள். அவள் பெற்றது அந்தப் பெண்ணை அல்லவே!

அவள் பெற்ற மகள் யார்? தொல்காப்பியம் சொல்கிறது: தோழி. அதாவது, இன்னொரு வீட்டுப் பெண்ணை இவள் வளர்த்தாள். இவள் பெற்றவள் அந்தப் பெண்ணுக்கே துணையாகப் போனாள். ஒரு நாவலுக்கான விஷயம் இதில் இருக்கிறது. நம்மவர்கள் இதை உறவுமுறை இலக்கணமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். தான் பெற்றவளைப் பற்றிச் செவிலி ஏங்குகிற பாட்டை நான் படித்ததில்லை. வாழ்த்துக் காதையில் கண்ணகியை நினைத்து அழ வருகிற செவிலிக்குப் பெயர்கூட இல்லை. காவற்பெண்டு, அவ்வளவுதான், உத்தியோகப் பெயர். கூட வருகிற தேவந்திக்குப் பெயர் இருக்கிறது.

நம் காலத்து எழுத்து இதைவிட மோசம். தலைப்பிலேயே 'வேலைக்காரி' என்று போட்டு அண்ணாதுரை நாடகம் எழுதினார்; 1949-ல் படமாகவும் வந்தது. தலைப்பில் இருக்கிற வேலை உள்ளே இல்லை. அமிர்தம் பணக்கார வீட்டு மருமகளாவதில் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. பிறகு வந்த பத்திரிகைக் கதைகளில் ஆயா என்றால் தியாகி, இல்லாவிட்டால் திருடி.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை உண்டா என்றால், இல்லை. நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன்.

பெருங்களத்தூரில் எங்கள் வீடு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள, திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள் மூன்று வருஷம் எங்களோடு தங்கியிருந்தாள். அவளுடைய பையன் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தான். 'நம்ம வீட்டு மனுஷி மாதிரி' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோம். நான் அதையே கதையாக்கினேன். நள்ளிரவில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கூடத்தில் நடக்கிற காட்சியோடு முடித்தேன். தாய்மைக்கு ரத்த சம்பந்தம் தேவையில்லை என்கிற தோரணையில் ஒரு முடிவு. நண்பர்கள் பாராட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து அடுக்களைக் காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்னச் சுழிகள் போட்டிருப்பதைக் கவனித்தேன். பால் கணக்கு என்று நினைத்தேன்.

"ராத்திரி முழிச்சதுங்க ஐயா" என்றாள்.

சில தேதிகளில் இரண்டு, மூன்று கூட இருந்தன. எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதான். மாசம் எத்தினின்னு எனக்குத் தெரியணுமில்ல."

அந்த மாதம் பத்தொன்பது இரவுகள். சம்பளம் பேசியபோது நாங்கள் பேசியது பகலை மட்டும். இரவு, வீட்டு மனுஷி என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது.

வீட்டு மனுஷிக்கு வீட்டில் இடம் எது? தொட்டிலுக்குப் பக்கத்தில் பாய். என் புத்தக அலமாரிக்கு அடியில் அவள் பெட்டி. சேலை மாற்றக் குளியலறை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றுதான் பேச்சு. ஆனால் அன்று அவளுக்குப் போக இடம் கிடையாது. வீட்டில் இருந்ததால் குழந்தை அவளிடமே போயிற்று. யாரும் ஏவவில்லை. ஏவாமலே நடக்கிற வேலையை எந்தச் சொல்லால் மறுப்பது?

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறப்பதற்கு முந்தைய காலம். பண்டிகை என்றால் தெற்கே போகிற கூட்டமெல்லாம் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று, கோயம்பேட்டிலிருந்து வரும் பஸ்களில் முண்டி ஏறும். பொங்கலுக்கு அவளை ஏற்றிவிட நான் போயிருந்தேன். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, "ரெண்டு நாள் சேத்து இருந்துட்டு வரட்டுங்களா ஐயா" என்றாள். வீட்டுக்குள் இதைக் கேட்கவில்லை; ரோட்டில் நின்றுதான் கேட்க முடிந்திருக்கிறது. குழந்தை தேடுமே என்றேன். சரிங்க என்று ஏறிக்கொண்டாள்.

என் கதையில் இந்த ரோடு இல்லை.

இந்த விஷயத்தில் இலக்கியக்காரனைவிடச் சட்டம் எழுதுகிறவன் கூர்மையாகப் பார்த்திருக்கிறான் என்பது வெட்கத்துக்குரியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் வருஷத்து 189-ஆம் உடன்படிக்கை, தங்கி வேலை செய்கிறவர் ஓய்வு நாளில் அந்த வீட்டிலேயே இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு. கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கிற நேரமும், அந்தந்த நாட்டு விதிகள் தீர்மானிக்கிற அளவுக்கு, வேலை நேரம்தான். கூடவே வந்த 201-ஆம் பரிந்துரை, தனி அறை வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும், சாவியை அவரிடம் கொடுக்கவேண்டும் என்கிறது. அந்தச் சாவியில் இருக்கிற மனித ஞானம் என் கதை முழுவதிலும் இல்லை. இந்தியா இந்த உடன்படிக்கையை உறுதிசெய்து ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள். 2018-ல் மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தார்கள். தூங்குகிற இடமே வேலை இடமாக இருக்கிறவளுக்கு மணி எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது?

அன்பை இப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். குழந்தைமேல் அவளுக்குப் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜுரத்தில் கிடந்த குழந்தையை இரண்டு நாள் மடியைவிட்டு இறக்காதவள் அவள். அந்த இரண்டு தேதிகளிலும் சுழி இருந்தது. சுழி இருந்தால் பிரியம் பொய், பிரியம் இருந்தால் சுழி வராது என்று நினைப்பது நம்முடைய சௌகரியம். என் கதை அந்தச் சௌகரியத்திலிருந்து பிறந்தது.

தொகுப்பின் மறுபதிப்பிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். திருத்திப் போடலாமே என்கிறார் பதிப்பிக்கிற நண்பர். எடுத்துப் பார்த்தேன். பதினோரு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட அவளுக்குப் பெயர் இல்லை. 'ஆயா' என்றுதான் கதை ஆரம்பிக்கிறது.