இலவசம்தான், ஆனால் சலுகை கிடையாது!

சென்னையில் இருந்துகொண்டு சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவை இன்னும் நேரில் கேட்காதவரா நீங்கள்? உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம், நிறையப் பொறாமை. அந்த முதல் சிலிர்ப்பு உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறதே!

ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் கோடம்பாக்கத்தில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் செல்லப்பிள்ளை இது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய செவ்விசையைக் கட்டணமே வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று நம் வீட்டுப் பிள்ளைகளே தொட்டுப் பார்த்திராத வாத்தியங்கள். ‘பாவம், ஏழைப் பிள்ளைகள்’ என்ற நினைப்போடு கைதட்டப் போனால், இரண்டாவது நிமிடத்திலேயே அது பறந்துவிடும். வாசிப்பு அப்படி!

முடிந்தால் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். கேட்பதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும்தான். இரண்டு பேருக்கு ஒரு நோட்ஸ் ஸ்டாண்ட். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருக்கும் பிள்ளை சட்டென்று வில்லை எடுத்துத் தாளைப் புரட்டும். பக்கத்துப் பிள்ளை ஒரு ஸ்வரம்கூட விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். அதற்குள் முதல் பிள்ளை மறுபடி சேர்ந்துகொள்ளும். அத்தனை வில்களும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே இறங்குகின்றன. ஒருவர் மாற்றி இழுத்தாலும் கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். எத்தனை மாலைநேரப் பயிற்சி இதற்குப் பின்னால் இருக்க வேண்டும்!

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா. செல்லோ வாசிக்கும் பையனைக் காட்டிச் சொன்னார்: “வீட்டுல கூன் போட்டுக்கிட்டே இருப்பான் சார். இங்க பாருங்க, எப்படி நிமிர்ந்து உக்காந்திருக்கான்!” அதற்குமேல் நான் என்ன விமர்சனம் எழுத?

வயலின் இந்த ஊருக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். நாம் அதைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, நுனியைக் கணுக்காலில் ஊன்றி, நம்முடையதாகவே ஆக்கிக்கொண்டோம். ஆனால் பெரிய அளவில் ஸ்ட்ரிங்ஸ் வேண்டுமென்றால் நம் சினிமா இசையமைப்பாளர்கள் பலர் இன்னமும் புடாபெஸ்ட்டுக்குப் போய்த்தான் ஒலிப்பதிவு செய்கிறார்கள். அந்த வேலையை இங்கேயே செய்யக்கூடிய கைகள் இதோ தயாராகின்றன. ஆகவே இது பொழுதுபோக்கு வகுப்பு இல்லை. சோறு போடும் தொழில்!

ஒன்பது வயதில் அப்பா ஆர்.கே.சேகரை இழந்து, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர் ரஹ்மான். வாத்தியம் ஒரு வீட்டைக் காப்பாற்றும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் தொடங்கிய ‘எல் சிஸ்டமா’வும் இதே நம்பிக்கையில் வளர்ந்ததுதான். அங்கே கற்றுக்கொண்ட பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் அந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்.

நம் ஊரில் இசைக் கல்லூரி மாணவர்களுக்கா பஞ்சம்? வாரத்தில் இரண்டு மாலை, பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறை, நாலைந்து முக்கால் சைஸ் வயலின்கள் போதும், தொடங்கிவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஏழைப் பிள்ளைகள்தானே என்று ஸ்வரத்தில் மட்டும் சலுகை காட்டாதீர்கள். சுருதி விலகினால் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். சன்ஷைன் பிள்ளைகள் மேடையில் அத்தனை கம்பீரமாக உட்கார்ந்திருப்பது, யாரோ அவர்களை அப்படி விடாமல் திருத்தியதால்தான்!