சாட்சியின் தகுதி

சார்ல்ஸ் டாட் என்பது ஒருவர் பெயரன்று. அமெரிக்கரான தாயும் மகனும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. தாயார் கரோலின் 2021இல் காலமானார். இவ்விருவரின் முதல் நாவலான ‘எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ்’ 1996இல் வெளிவந்தது. துப்பறியும் கதை என்றாலே முகம் சுளிக்கும் கற்றறிந்த வாசகர்களும் இதனைப் பொறுமையோடு படித்துப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். மனம் சிதைந்த ஒருவனின் சாட்சியத்திற்கு என்ன மதிப்பு என்ற வினாவை இந்நூல் எழுப்புகிறது. கொலையாளி யார் என்பதைக் கண்டறிவதினும் கடினமான வினா அது.

கதை நிகழும் காலம் 1919. முதல் உலகப் போரிலிருந்து மீண்ட இயான் ரட்லெஜ், லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் ஆய்வாளராக மறுபடியும் பணியேற்கிறார். 1916இல் சோம் போர்முனையில், பயனற்ற தாக்குதலுக்குத் தன் வீரர்களை இன்னொரு முறை அழைத்துச் செல்ல மறுத்த ஹேமிஷ் மெக்லியோட் என்ற ஸ்காட்லாந்து இளைஞனைச் சுட்டுக்கொல்ல ஆணையிட்டவர் அவர். அடுத்த கணமே பீரங்கிக் குண்டு விழுந்து அனைவரும் மண்ணில் புதைந்தனர். ஹேமிஷின் சடலம் ஏற்படுத்திய சிறு இடைவெளியில் மூச்சுவிட்டே ரட்லெஜ் பிழைத்தார். கொன்றவனுக்கே கொல்லப்பட்டவன் உயிர் தந்தான். அன்று முதல் ஹேமிஷின் குரல் அவர் தோளுக்குப் பின்னிருந்து பேசுகிறது, ஏளனம் செய்கிறது, சில வேளைகளில் அவரைவிடக் கூர்மையாக வழக்கையும் ஆராய்கிறது. திரும்பிப் பார்த்தால் அவன் நின்றுகொண்டிருப்பானோ என்று அஞ்சி அவர் திரும்புவதேயில்லை. இதனை ஆவிக்கதையாக மலிவுபடுத்தாதது ஆசிரியர்களின் நிதானத்திற்குச் சான்று.

வார்விக்‌ஷயர் கிராமம் ஒன்றில் கர்னல் ஹாரிஸ் குதிரைமீது செல்கையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்கு ஆளாகும் கேப்டன் வில்டனோ விக்டோரியா கிராஸ் பெற்றவர். அரச குடும்பத்தோடு நட்புடையவர். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்பவன் போரில் மனநிலை குலைந்து, குடியில் மூழ்கிக் கிடக்கும் ஹிக்கம். ரட்லெஜின் நோயை அறிந்த மேலதிகாரி, அவர் வீழ்வார் என்ற எதிர்பார்ப்புடனேயே இவ்வழக்கை அவரிடம் ஒப்படைக்கிறார். ஹிக்கமைப் பைத்தியக்காரன் என்று தள்ளிவிட்டால் அனைவருக்கும் நிம்மதி. ஆனால், அவ்வாறு தள்ளும் உரிமை ரட்லெஜுக்கு உண்டா? தாமும் அத்தகையவரே என்பது தெரிந்தால் தமது விசாரணையை எவர் நம்புவர்? நாவலின் உயிர் இவ்விடத்தில்தான் துடிக்கிறது.

இதன் வரலாற்றுப் பின்னணியையும் நாம் மறத்தலாகாது. குண்டதிர்ச்சி நோயைச் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இலேயே மருத்துவ ஏட்டில் விவரித்துவிட்டார். எனினும் அதற்கு ஆளான பலர் கோழைகள் என்றே இகழப்பட்டனர். கோழைத்தனம், படையிலிருந்து ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். நாவல் வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னர்! ஹேமிஷ் கற்பனைப் பாத்திரமே. அவனைப் போன்றோர் கற்பனையல்லர்.

குறையும் உண்டு. கொலைக்கான காரணம் இறுதிப் பக்கங்களில் திடுமென வந்து விழுகிறது. அதற்குரிய விதைகளை முன்னரே இன்னும் ஆழமாக ஊன்றியிருக்கலாம். ஜெர்மானியக் கைதியைக் காதலித்ததால் ஊராரின் வெறுப்புக்குள்ளான ஓவியப் பெண் தனி நாவலுக்கே உரியவள். இங்கோ ஐயத்திற்குரியோர் பட்டியலில் ஒருத்தியாகச் சுருங்கிவிடுகிறாள்.

வழக்கு முடிந்ததும் துப்பறிவாளரின் காயமும் ஆறிவிட்டதாகக் காட்டும் எளிய வழியை ஆசிரியர்கள் நாடவில்லை. ரட்லெஜ் மீண்டும் உழைக்கிறார், பிறரோடு பேசிப் பழகுகிறார், உண்மையைக் கண்டறிகிறார். அவர் அடையும் குணம் அவ்வளவே. இருபதைத் தாண்டி நீண்ட இவ்வரிசையின் பிற நாவல்களிலும் ஹேமிஷ் அவர் பின்னிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.